சிறு வீடும் பெருங் கடனும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டு காரியங்களிலும் இறங்கின பிறகுதான் செலவின் உண்மையான அளவு தெரியும் என்பது அப்பழமொழியின் தாத்பரியம். கல்யாணச் செலவைக் குறைக்க வேண்டுமென்று நமது சீர்திருத்தக்காரர்கள் நெடுங்காலமாகப் பிரசங்கம் செய்து வருகிறார்கள். வீடு கட்டும் செலவை முன்கூட்டிக் கணித்து, கடனுக்கு இரையாகாமல் தப்புவது எப்படி என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுவோர் வெகு சிலரே. மாடமாளிகை எழுப்பும் தனவந்தர்களுக்கு நமது யோசனை தேவையில்லை. மாதச் சம்பளத்தையோ தினக்கூலியையோ நம்பி ஜீவித்துக்கொண்டு, 300, 400 சதுர அடியில் தமக்கென்று ஒரு சிறு வீடு வேண்டுமென்று விரும்பும் எண்ணற்ற குடும்பங்களைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

தமிழ்நாட்டில் எந்தத் தாலுக்காவில் பிரயாணம் செய்கிறவரும் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன செங்கற் சுவர்கள் கூரையின்றி மழையில் நனைந்து பாசி பிடித்து நிற்கும். தூண்களின் தலையில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலே கீற்றுக் கொட்டகை ஒன்றில் அவ்வீட்டுக்காரர் பெண்டு பிள்ளைகளோடு குடியிருப்பார். அவர் சோம்பேறியுமல்லர், ஊதாரியுமல்லர். கையிலிருந்த பணம் கடைக்காலுக்கும் சுவருக்கும் சரியாய்ப் போயிற்று. நகை அடகுக் கடைக்குப் போயிற்று. கூரை போடப் பணமில்லை. ஆரம்பித்த நாளன்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால், வீட்டைச் சற்றுக் குறுக்கிக் கட்டி, அதே பணத்தில் கூரையின் கீழ்ப் படுத்திருப்பார். வீட்டின் அளவை முதலில் தீர்மானித்து, அப்புறம் பணத்தைத் தேடுவது தலைகீழான முறையாகும். குடும்பம் சிரமமின்றிக் கொடுக்கக்கூடிய தொகையை முதலில் தீர்மானித்து, அத்தொகைக்குள் முழுதாய் முடியக்கூடிய வீட்டையே தொடங்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அவ்விதம் தொடங்குவதற்கு வேண்டிய உண்மைக் கணக்கை ஜனங்கள் கையில் கொடுக்கும் கடமை சர்க்காருக்கும் பொதுஜன ஊழியர்களுக்கும் உண்டு.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். வீடு சிறிதானால் சதுர அடிக்கு ஆகும் செலவும் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர் விரோதம். 20 அடிக்கு 20 அடியாக ஒரு வீடு கட்டினால் அதன் பரப்பு 400 சதுர அடி; சுற்றுச் சுவரின் நீளம் 80 அடி. 10 அடிக்கு 10 அடியாக ஓர் அறை கட்டினால் பரப்பு 100 சதுர அடி. சுற்றுச் சுவர் 40 அடி. கொத்தனார்கள் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். அந்தக் கணக்கில் பெரியதற்குச் சதுரத்துக்கு 20 அடிச் சுவர் போதும். சிறியதற்கோ 40 அடிச் சுவர் வேண்டும். வடிவத்தினாலும் செலவு ஏறும். 360 சதுர அடி வீட்டை 20க்கு 18 என்று அமைத்தால் சுற்றுச் சுவர் 76 அடி. அதே பரப்பை 36க்கு 10 என்று நீட்டினால் 92 அடி. மிகுதியான 16 அடிச் சுவருக்கும் கடைக்கால் வேண்டும், செங்கல் வேண்டும், இரு பக்கமும் பூச்சு வேண்டும், கூலி வேண்டும். இருக்கும் இடத்தில் ஒரு சதுர அடிகூடக் கூடாது. மனை இடங்கொடுக்குமானால் கூடியமட்டும் சமசதுரமாகக் கட்டுவதே சிக்கனம். இதைச் சொல்ல எஞ்சினீயர் வேண்டியதில்லை. ஒரு கயிறு போதும்.

வீடு சிறுத்தாலும் கூடவே சிறுக்காத செலவுகள் சில உண்டு. கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும், சமையல் மேடையும், தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறோ குழாய் இணைப்போ எதுவாயினும் அதுவும், மின்சார மீட்டரும், தலைவாசற் கதவும் 300 சதுர அடி வீட்டுக்கும் 900 சதுர அடி வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மேஸ்திரி “சதுரத்துக்கு இவ்வளவு” என்று பேசும்போது இவற்றில் எவை அந்த விலைக்குள் அடங்கும், எவை புறம்பு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளாதவர் பின்னால் வருந்துவது நிச்சயம். கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, சுற்றுச்சுவர், வெள்ளையடிப்பு, மின்சார வேலை ஆகிய ஆறும் பேரத்தின்போது வாயிலே வராமல், வேலை முடியும் சமயத்தில் ஒவ்வொன்றாய் வந்து நிற்கும். மண்ணின் குணத்தையும் மறக்கக் கூடாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கங்களிலுள்ள கரிசல் நிலம் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் தன்மையுடையது. செம்மண் பூமியில் போடும் கடைக்காலை அங்கே போட்டால் சுவர் பிளக்கும். ஆகவே அங்கே பூமிக்குக் கீழே ஆகும் செலவு அதிகம். அடுத்த ஜில்லாவில் உறவினர் கட்டிய வீட்டின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது பிசகு.

மனை இல்லாதவருக்கு இவற்றுக்கெல்லாம் முந்தின செலவு ஒன்று காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ஆம் வருஷம் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டபோது பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்து மனைக் கிரயத்துக்கு 9 சதவீதம் ஆயிற்று. 5 லக்ஷ ரூபாய் மனைக்கு இது 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லக்ஷத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளிக் கொடுக்க உத்தரவாயிற்று. அதே மனையை மனைவி பெயரில் வாங்கினால் 5,000 ரூபாய் மீதம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்னும் லாபம் வேறு. இத்தொகைகளைச் செலவுப் பட்டியலின் தலையிலே எழுத வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க எண்ணித் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பாராமல் மனை வாங்கினவர்கள், பிறகு அதைப்போல் எத்தனையோ மடங்கை நியாயஸ்தலத்தின் படிகளில் செலவழிப்பதை நாம் நாள்தோறும் பார்த்து வருகிறோம். அங்கீகாரமில்லாத மனை மலிவாய்த்தான் கிடைக்கும். அதன்மேல் பாங்கு கடன் கொடுக்காது என்பதையும், வரைபட அனுமதி கிடைப்பது துர்லபம் என்பதையும் நினைத்தால் அம்மலிவின் சுயரூபம் விளங்கும். வரைபட அனுமதி விஷயத்தில் ஒரு சௌகரியம் ஏற்பட்டிருப்பதைச் சொல்ல வேண்டும். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் சுயசான்று மூலமாகவே அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் ஏற்பாடு செய்யப்பட்டது. கட்டணம் கட்ட வேண்டியதுதான். ஆனால் ஆபீஸ் ஆபீஸாய் அலையும் கூலி நஷ்டம் குறையும்.

இனி ஓர் உதாரணத்தால் நமது கருத்தை விளக்குவோம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 25,000 ரூபாய், கையிருப்பு 4 லக்ஷம், மனை சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வூரில் சதுரத்துக்கு 2,20,000 ரூபாய் ஆகிறதென்றும், தொட்டி, தண்ணீர், மின்சாரம், அனுமதி ஆகிய புறச்செலவுகள் 1,50,000 ரூபாய் என்றும் கொள்வோம். இத்தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். முறையைத்தான் கவனிக்க வேண்டும். அக்குடும்பம் 360 சதுர அடிக்கு ஆசைப்பட்டால் கட்டடத்துக்கு 7,92,000, புறச்செலவுடன் 9,42,000, எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10,36,200 ரூபாய். கையிருப்புப் போகக் கடன் 6,36,200. நூற்றுக்கு வருஷ வட்டி 9 வீதம் 10 வருஷத்தில் இதைத் தீர்க்க மாதம் 8,059 ரூபாய் கட்ட வேண்டும். 25,000 ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போய்விட்டால், ஒரு காய்ச்சலோ ஒரு மாத வேலையின்மையோ அக்குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

இப்பொழுது கணக்கைத் திருப்பிப் போடுவோம். நாலில் ஒரு பங்காகிய 6,250 ரூபாய்க்கு மேல் தவணை கட்டுவதில்லை என்று அக்குடும்பம் தீர்மானிக்கிறது. அதே வட்டிக்கு, அதே 10 வருஷத்துக்கு, அத்தவணை தாங்கக்கூடிய கடன் சுமார் 4,93,000 ரூபாய். கையிருப்பையும் சேர்த்தால் 8,93,000. இதிலிருந்து எதிர்பாராத செலவையும் புறச்செலவையும் கழித்துப் பார்த்தால், மிச்சத்தில் கட்டக்கூடியது 300 சதுர அடி. கட்டடத்துக்கு 6,60,000, புறச்செலவு 1,50,000, எதிர்பாராததற்கு 81,000, ஆக 8,91,000 ரூபாய். வித்தியாசம் 60 சதுர அடி; அதாவது ஒரு சிறு தாழ்வாரம். அத்தாழ்வாரத்தை இன்று விட்டுவிட்டால் குடும்பம் நிம்மதியாய்த் தூங்கலாம். கடன் தீர்ந்த பிறகு அதைக் கட்டிக்கொள்வதை யார் தடுக்கப் போகிறார்கள்? எதிர்பாராத செலவுக்கென்று எழுதிய பத்தில் ஒரு பங்கை வீண் என்று அடித்துவிடுகிறவர்கள்தான் கடைசியில் கதவில்லாத வீட்டுக்குச் சாக்குத் திரை கட்டுகிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

தவணையைக் குறைக்கக் காலத்தை நீட்டலாமே என்பார் உளர். மேற்சொன்ன 300 சதுர அடி வீட்டின் கடன் 4,91,000 ரூபாயை 10 வருஷத்தில் தீர்த்தால் மாதத் தவணை 6,220. மொத்த வட்டி சுமார் 2,55,000. அதையே 20 வருஷத்துக்கு நீட்டினால் தவணை 4,418 ஆகக் குறையும். வட்டியோ சுமார் 5,69,000 ரூபாய், அதாவது வாங்கின கடனையும் மிஞ்சிவிடும். வீடு ஒன்று கட்டிக்கொண்டு ஒன்றேகால் வீட்டுக்கு மேலான விலையைச் சந்தோஷமாய்க் கொடுத்ததாக முடியும். வேறு வழியில்லாமல் நீண்ட காலக் கடன் வாங்கினவர்களும், மாறும் வட்டிக் கடனாயிருந்தால், கையில் பணம் சேரும்போது அசலில் கட்டிக் குறைக்கலாம். அவ்விதம் முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கு 2012-ஆம் வருஷமே உத்தரவிட்டது. 10 லக்ஷ ரூபாய்க்கு மேற்படாத வீடுகள் விஷயத்தில் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் கூட வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கொடுக்கலாமென்று 2015-இல் அனுமதித்தது. இவ்விரண்டையும் அறியாமல் பாங்கின் வாசலிலிருந்து திரும்பினவர் அநேகர்.

பாங்கின் கதவு அடைபட்டவர் எங்கே போவார்? நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டி என்று கொடுக்கும் லேவாதேவிக்காரரிடம் போவார். “3 வட்டி” என்று கேட்கும்போது அற்பமாய்த் தோன்றும். வருஷத்துக்கு அது 36 சதவீதம். ஒரு லக்ஷம் வாங்கினவர் மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கட்டி 72,000 ரூபாய் கொடுத்த பிறகும் அசல் ஒரு லக்ஷம் அப்படியே நிற்கும். 9 சதவீத பாங்குக் கடனில் அதே ஒரு லக்ஷத்தை, மாதம் 1,267 ரூபாய் வீதம் கட்டி, அசலும் வட்டியுமாய் 10 வருஷத்தில் அடைத்துவிடலாம். 1938-ஆம் வருஷத்தில் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியபோது, வட்டியே அசலை விழுங்கும் அநியாயத்துக்கு ஒரு வரம்பு கட்டிற்று. 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. பாதிச் சுவரோடு நிற்கிறவனுக்குக் கூரைக்கு வேண்டிய பணம் நியாயமான வட்டிக்குக் கிடைக்க வழி செய்யாத வரையில், எந்தச் சட்டமும் அவனை லேவாதேவிக்காரரின் திண்ணையிலிருந்து எழுப்பாது.

இங்கேதான் சர்க்காரின் பொறுப்பு வருகிறது. கிராமத்து ஏழைகளுக்கு வீடு கட்ட மத்திய சர்க்கார் 1985-இல் இந்திரா ஆவாஸ் திட்டத்தைத் தொடங்கிற்று. 2016-இல் அது பிரதம மந்திரி ஆவாஸ் திட்டமாக மாறியபோது, சமவெளிப் பிரதேசங்களில் வீடொன்றுக்கு 1,20,000 ரூபாய் என்றும், வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர் என்றும் நிர்ணயம் செய்தார்கள். 25 சதுர மீட்டர் என்பது 269 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 446 ரூபாய். எட்டு வருஷம் கழித்து, 2024-இல் மேலும் 2 கோடி வீடுகளுக்குத் திட்டத்தை நீட்டியபோதும் தொகை அதே 1,20,000 தான். அந்த எட்டு வருஷத்தில் கொத்தனார் கூலி அங்கேயே நின்றதா? கம்பியும் செங்கலும் விலை ஏறாமல் இருந்தனவா? தமிழ்நாட்டு சர்க்கார் இத்தொகையோடு தம் பங்குக்கு மேல்தொகை சேர்த்து வந்திருப்பதும், 2024-இல் தாமே கலைஞர் கனவு இல்லம் என்னும் திட்டத்தை அறிவித்து 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று நிர்ணயித்ததும் பாராட்டத்தக்கவை. ஆனால் அதையும் வகுத்துப் பாருங்கள்: சதுர அடிக்கு 972 ரூபாய். உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் இத்தொகையைச் சொல்லி, ஓர் அறை கட்டித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

“சர்க்கார் கொடுப்பது உதவித் தொகை, மிச்சத்தை வீட்டுக்காரர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? கிராம வேலைத் திட்டத்தின் கூலியையும் கழிப்பறைக்கென்று 12,000 ரூபாயையும் இதோடு சேர்த்துக் கொடுக்கவும் 2016-ஆம் வருஷ விதிகளில் ஏற்பாடு செய்திருக்கவில்லையா?” என்று ஆக்ஷேபிக்கலாம். நியாயமான ஆக்ஷேபமே. முழுச் செலவையும் சர்க்கார் ஏற்க வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. தன் வீட்டில் தன் உழைப்பும் தன் பணமும் கலந்திருப்பதே குடியானவனுக்குக் கௌரவம். நாம் கேட்பது வேறு. மிச்சம் எவ்வளவு என்பதை முதல் நாளே அவனுக்குச் சொல்ல வேண்டாமா? “உனக்கு வீடு மஞ்சூர் ஆயிற்று” என்று உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, சர்க்கார் பணத்திலேயே வீடு முடிந்துவிடும் என்று அவன் நம்பினால் குற்றம் யாருடையது? இருந்த குடிசையைப் பிரித்துவிடுகிறான். அடுத்தடுத்த தவணைப் பணம் வேலை இன்ன கட்டத்தை எட்டிவிட்டதென்று போட்டோ எடுத்துக் காட்டின பிறகுதான் வரும். அந்தக் கட்டத்தை எட்டுவதற்கே பணம் வேண்டும். ஏழைக்கு அந்த இடைக்காலப் பணத்தைக் கொடுப்பவர் யார்? 3 வட்டிக்காரர்தான். ஏழைக்கு வீடு கொடுக்க எண்ணி வகுத்த திட்டம் அவனை அறியாமலே கடனில் மாட்டிவிடுகிறது.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் வரையில் சிமெண்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. விதித்திருந்தார்கள். சுகபோகப் பொருள்களுக்கு விதித்த அதே விகிதம், ஏழை தன் கூரைக்கு வாங்கும் மூட்டைக்கும்! ஒரு கையால் உதவித் தொகை கொடுத்து மறு கையால் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டதற்கு இது ஒப்பாகும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை வரவேற்கிறோம். குறைந்த வரி முழுதும் வாங்குகிறவன் கைக்கு எட்டுகிறதா என்பதைக் கவனிப்பது பொதுஜன ஊழியர்களின் வேலை.

செலவைக் குறைக்கப் பொருள்களிலும் முறையிலும் வழி உண்டு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, நம் தேசத்துக்கு வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் சிற்பியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காந்தியடிகளைப் பம்பாயில் சந்தித்தபோது, ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று அவர் சொன்ன கருத்தே தமக்கு வழிகாட்டியாயிற்று என்று பேக்கர் சொல்வதுண்டு. அவர் பரப்பிய “எலிப்பொறிக் கட்டு” முறையில் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார்கள். 9 அங்குலச் சுவரில் நாலில் ஒரு பங்கு செங்கல் மீதமாவதோடு வெயிலின் தாக்குதலும் குறையும். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்திலுள்ள கலவை பாரம் தாங்குவதில் அதிகப் பங்கெடுப்பதில்லை. ஆகவே கம்பிகளின் இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பிச் சிமெண்டைக் குறைத்தார். நம் தமிழ்நாட்டிலேயே ஆரோவில்லில், மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு கலந்து யந்திரத்தில் அழுத்திச் சுடாத கல் வார்க்கும் வித்தையைப் பல வருஷங்களாகக் கற்பித்து வருகிறார்கள். சுட விறகு வேண்டாம். தோண்டின மண்ணே கல்லாகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இம்முறைகள் பழகிய கொத்தனார் கையில்தான் சிக்கனம். பழகாதவர் கையில் கல்லும் போய்க் கூலியும் போகும். ஆகையால் ஒவ்வொரு தாலுக்காவிலும் சில கொத்தனார்களுக்காவது இவற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்வது, ஆயிரம் பிரசங்கங்களைவிடப் பயன் தரும் சுதேசியமாகும்.

பட்டணவாசிகள் மனை வாங்கிக் கட்டுவது இன்று அநேகமாய் எட்டாத காரியம். சிறு பிளாட்டையே வாங்குகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது எந்த அளவுக்கு விலை பேசுகிறோம் என்பதே. 500 சதுர அடி, சதுர அடி 5,000 ரூபாய், ஆக 25 லக்ஷம் என்று விற்பவர் சொல்லுவார். அந்த 500-இல் மாடிப்படி, நடைபாதை, சுவரின் கனம் எல்லாம் அடங்கும். பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் 350 சதுர அடிதான் என்றால் உண்மை விலை சதுர அடிக்கு 7,143 ரூபாய். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உள்ளளவாகிய கார்ப்பெட் ஏரியாவை ஒப்பந்தத்தில் காட்ட வேண்டுமென்கிறது. பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாதென்கிறது. ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டடத்தில் பழுது கண்டால் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டுமென்றும் விதிக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டப்படுபவை இச்சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. சிறு பிளாட்டுகள் பெரும்பாலும் இத்தகைய சிறு கட்டடங்களிலேயே இருக்கின்றன. ஆதலால் ஏழை வாங்குகிறவனுக்குத்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். மாதா மாதம் கொடுக்க வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தையும் தவணையோடு சேர்த்து, அக்கூட்டுத் தொகையை வருமானத்தில் நாலில் ஒரு பங்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

நமது கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்லுகிறோம். முதலாவது, வீடு மஞ்சூர் செய்யும் ஒவ்வோர் உத்தரவோடும், அந்த ஜில்லாவின் அந்த வருஷத்து விலைவாசிப்படி, இன்ன செலவு, இன்ன உதவி, இன்ன குறை என்று தமிழில் எழுதிய ஒரு பக்கக் கணக்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, உதவித் தொகையைச் சிமெண்டு, கம்பி, செங்கல், கூலி ஆகியவற்றின் விலைக்கேற்ப வருஷந்தோறும் திருத்த வேண்டும். மூன்றாவது, குறைப்படும் தொகையைக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமாக நியாய வட்டிக்குக் கொடுக்க வேண்டும். 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில் கடன் சங்கம் நிறுவி இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் தமிழர்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கும் சங்கம் கூரைக்கும் கதவுக்கும் கொடுப்பதில் என்ன தடை?

சர்க்கார் செய்யும் வரையில் நமது தொண்டர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் வீடு வீடாய் ஏறி இறங்கும் ஊழியர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். ஊரிலே எழுத்தறிந்த ஒருவர், ஒரு கொத்தனார், கூட்டுறவுச் சங்கத்தார் ஒருவர் ஆக மூவர் சாவடியில் உட்கார்ந்து, வீடு கட்ட எண்ணும் ஒவ்வொருவருக்கும் வருமானம், கையிருப்பு, தாங்கக்கூடிய தவணை, அதற்குள் அடங்கும் வீட்டின் அளவு என்று நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும். ஒப்பந்தம் எழுதத் தெரியாதவருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கட்டும். பாதிச் சுவரோடு நிற்கும் வீடுகளின் ஜாபிதா ஒன்று தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் கூரை போட எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கட்டும். சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், ஒரு பிரஜை தன் கூரையின் கீழே கடன்காரனுக்கு அஞ்சிப் படுத்திருப்பானேயானால், அவனளவில் சுயராஜ்யம் இன்னும் வாசற்படிக்கு வெளியிலேதான் நிற்கிறது. 300 சதுர அடியாயிருந்தாலும் கூரையும் கதவும் முடிந்து, பத்திரம் தன் பெட்டியிலேயே இருக்கும் வீடுதான் வீடு. அத்தகைய வீடுகள் பெருக வேலை செய்வோர் எக்கட்சியினராயினும் நமது ஆதரவு அவர்களுக்கு உண்டு.